பொன் விளைந்த ஊர்: கோலார் தங்கவயலில் ஒரு நாள்

மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை தரவேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது, நம் வாவிக்கரையின் பழங்கதைகளுள் ஒன்றை எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆனால், சென்ற ஆண்டு நானும் என் தமையனாரும் தலயாத்திரையாகத் தமிழகம் சென்றபோது கண்ட ஓர் ஊர் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவ்வூரின் வரலாறு நம் இளைஞருக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையால் அதனையே எழுதத் துணிந்தேன்.

திருவண்ணாமலைத் தரிசனம் முடிந்தபின், வாடகைக் கார் ஒன்றில் வேலூர், பேரணாம்பட்டு வழியாகக் கருநாடக எல்லையைக் கடந்தோம். "தம்பி, சிறுவயதில் பூகோளப் புத்தகத்தில் கோலார் என்று மனனம் செய்தோமே, அதைப் பார்க்காமல் திரும்புவதா?" என்றார் தமையனார். அவர் சொல்லைத் தட்டும் வழக்கம் எனக்கில்லை.

ஊரை நெருங்கியதும் முதலிற் கண்ணிற்பட்டவை சாம்பல் நிறக் குன்றுகள். இயற்கை மலைகளென்றே நினைத்தேன். அவை பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண் என்று சாரதி சொன்னார். தூளாக்கிய பாறையைச் சயனைட்டுக் கரைசலிலிட்டுப் பொன்னைக் கரைத்தெடுப்பார்கள். எஞ்சிய கழிவே மூன்று கோடித் தொன்னுக்கு மேலாகக் குவிந்து கிடக்கின்றது. காற்று வீசினால் அத்தூள் வீடுகளுக்குள்ளும் புகும். அக்குன்றுகளுக்கிடையே, துருவேறிய இரும்புக் கோபுரங்கள் சுரங்க வாய்களின்மேல் நின்றன. வாயில்கள் பூட்டிக் கிடந்தன. உள்ளே செல்ல அனுமதியில்லையென்று காவலாளி கையசைத்தார்.

இந்நிலத்தின் கதை பழையது. 1802ஆம் ஆண்டில், ஆங்கிலேயப் படையைச் சேர்ந்த ஜோன் வாரன் என்பவர், கிராமத்தவர் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று ஆராய்ந்து எழுதிவைத்தார். 1870களில் லவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டத் தொடங்கினார். 1880இல் ஜோன் டெய்லர் அன் சன்ஸ் என்னும் இலண்டன் கம்பனி பொறுப்பேற்றபின் தொழில் பெருகிற்று. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீற்றர் தூரம் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் வீதிகளுக்கு மின்விளக்கு வந்தது அதன் பின்னர், 1905இலேதான். துரைமாரின் பங்களாக்களைக் கண்டோர் இவ்வூரைச் சின்ன இங்கிலாந்து என்றழைத்தனர்.

ஆனால், பாறையை உடைத்தவர் யார்? வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழ் மக்களே. அவர்களிற் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும் இடத்தில், அவர்கள் உழைத்தார்கள். அழுத்தம் தாங்காது பாறை திடீரென வெடித்துச் சிதறும். பலர் அவ்வாறு மாண்டனர். கல்தூசி நுரையீரலிற் படிந்து நோயுற்றோர் மிகப்பலர். எனினும் அவர்கள் வாய்மூடிக் கிடந்தவரல்லர். 1930இல், தொழிலாளரின் விரல் அடையாளத்தைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்தனர்.

இந்தச் சுரங்கத்தின் ஆழம் விஞ்ஞானத்துக்கும் உதவிற்று. வானிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதுகையில் பிறக்கும் நியூற்றினோ என்னும் நுண்துகளின் செயலை, 1965இல் இங்கே நிலத்தடியில் வைத்த கருவிகள் பதிவு செய்தன. மேலேயுள்ள பாறை ஏனைய கதிர்களைத் தடுத்து நிறுத்தியதே அதற்குக் காரணம்.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பனி உருவாயிற்று. ஆனால் பூமியின் கை சுருங்கிவிட்டது. ஆரம்ப காலத்தில் ஒரு தொன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் ஏறத்தாழ 3 கிராமாகக் குறைந்தது. செலவு வரவை விழுங்கவே, 2001 பெப்ரவரி 28ஆம் திகதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் 800 தொன்னுக்கு மேல்.

தொழிலாளர் குடியிருப்பில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். மட்டக்களப்பிலிருந்து வந்தோமென்றதும் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுத்தார். வீடு ஒரே அறை; தலை குனிந்துதான் நுழைய வேண்டும். "மூன்று தலைமுறை தம்பி. தாத்தா, அப்பா, நான். கூண்டில் இறங்கும்போது சாமியைக் கும்பிட்டு இறங்குவோம், ஏறி வந்தாலும் கும்பிடுவோம்" என்றார். வீட்டிற் பொன் உண்டா என்று தமையனார் விளையாட்டாகக் கேட்டார். பெரியவர் சிரித்து, மனைவியின் கழுத்திலிருந்த மஞ்சட் கயிற்றைக் காட்டினார். தமையனார் அதன்பின் நெடுநேரம் பேசவில்லை.

ஊரில் இன்னும் மக்கள் வாழ்கின்றார்கள். ஆனால் விடியுமுன்னே ஆயிரக்கணக்கானோர் புகையிரதமேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகின்றனர்.

திரும்பும் வழியில் தமையனார், "வாழைச்சேனைக் கடதாசி ஆலையை நினைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். நானும் அதனையே நினைத்திருந்தேன். 1950களில் எழுந்த அவ்வாலை, நம் வயல்களின் வைக்கோலைக் கடதாசியாக்கிற்று. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டது. போர்க்காலத்தில் அது நலிந்தபோது அக்குடும்பங்கள் பட்ட பாட்டை முதியோர் அறிவர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பொன் எடுக்க எடுக்கத் தீரும்; வைக்கோல் போகந்தோறும் விளையும். வாவியின் மீனும் இறாலும், கண்டல் மரங்களை நாம் காத்தால், ஆண்டுதோறும் பெருகும். வாவியைக் குப்பையால் நிரப்பி, கண்டலை வெட்டி, ஆற்று மணலை அளவின்றி அள்ளினால், நாமும் நம் வாவியை ஒரு சுரங்கமாகவே ஆக்கியவராவோம்.

இளைஞர்களே! உழைப்பவர் தம் உழைப்பின் பயனில் பங்கு பெறாத ஊரும், ஒரே தொழிலை நம்பிப் பிள்ளைகளுக்கு வேறொன்றும் கற்பிக்காத ஊரும் எவ்வளவு செல்வம் கண்டாலும் நிலைக்கமாட்டா. வெளியூர் செல்லும் வாய்ப்புக் கிடைப்பின், கோயில்களைத் தரிசித்த கையோடு இத்தகைய ஊர்களையும் சென்று பாருங்கள். ஊர் திரும்பியதும் ஒருமுறை கல்லடிப் பாலத்தில் நின்று நம் வாவியைப் பாருங்கள். அதனை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கையளிக்கப் போகின்றோம் என்பதை மன்றத்திற் கூடிப் பேசுங்கள்.