மாடியில் ஜெனரேட்டர், பேஸ்மெண்டில் பம்ப்

கரண்ட் போனால் என்ன, ஜெனரேட்டர் இருக்கிறதே என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு நண்பர்களே!

1965 நவம்பர் 9 மாலை. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு மின்நிலையத்தில் இருந்த ரிலே, ஒரு மின்பாதையைத் துண்டித்தது. அந்தச் சுமை பக்கத்துப் பாதைகளில் ஏற, அவையும் வரிசையாக விழுந்தன. சில நிமிடங்களில் அமெரிக்காவின் வடகிழக்கே இருட்டு. சுமார் 3 கோடி பேர் மாட்டிக்கொண்டார்கள். சில இடங்களில் 13 மணி நேரம்! நியூயார்க்கில் பல மருத்துவமனைகளில் அன்று போதுமான மாற்று ஏற்பாடே கிடையாது.

பிறகு ஜெனரேட்டர்கள் வந்தன, அவற்றைப் பராமரிக்க விதிகளும் வந்தன. என்.எஃப்.பி.ஏ. 110 என்ற அமெரிக்க விதி, மாதம் ஒருமுறை 30 நிமிடமாவது ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது. அதுவும் திறனில் 30 சதவீதச் சுமையோடு. சுமை எதற்கு? சுமையில்லாமல் ஓடும் டீசல் என்ஜின் சரியாகச் சூடாகாது. எரியாத டீசல் கரியோடு சேர்ந்து புகைக்குழாயில் படியும். "ஸ்டார்ட் ஆச்சா? சரி, ஆஃப் பண்ணு" என்பது சோதனையே இல்லை, என்ஜினைக் கெடுக்கும் வேலை.

இவ்வளவும் இருந்தும் 2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயலில் நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனை மாட்டியது. 1736-ல் தொடங்கிய பழைய மருத்துவமனை அது. ஜெனரேட்டர் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் பேஸ்மெண்டில்! வெள்ளம் புகுந்து பம்ப் நின்றது. தேசியக் காவல் படையினரும் ஊழியர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி 13 மாடிக்கு டீசல் தூக்கினார்கள். அப்படியும் சமாளிக்க முடியவில்லை. சுமார் 700 நோயாளிகளை அடுத்த சில நாட்களில் வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அருகிலிருந்த என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையிலும் மின்சாரம் போய், தீவிர சிகிச்சையில் இருந்த 20 பச்சிளங்குழந்தைகளை அன்றிரவே நர்சுகள் படிவழியாகத் தூக்கி இறங்கினார்கள்.

யோசித்துப் பாருங்கள். காய்ந்த பேஸ்மெண்டில் மாதம் தவறாமல் சோதித்தால் அந்தப் பம்ப் ஓடத்தான் செய்யும். சோதனை என்ஜினைக் கேள்வி கேட்கிறது, தண்ணீர் எங்கே வரும் என்று கேட்பதில்லை.

ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் 2011 மார்ச் 11 அன்று நடந்தது கிட்டத்தட்ட இதுதான். நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனதும் ஜெனரேட்டர்கள் ஒழுங்காக ஓடின. முக்கால் மணி நேரம் கழித்து சுனாமி வந்தது. 2, 4 ஆம் உலைகளுக்கு இருந்த தலா ஒரு ஜெனரேட்டர் அப்போதும் கெடவில்லை, அவற்றின் சுவிட்ச் போர்டுகள்தான் மூழ்கின. மொத்தம் 13 ஜெனரேட்டர்களில் தப்பி ஓடியது 6-வது உலையின் ஒன்று மட்டுமே. அது கடல்நீர் தேவைப்படாமல் காற்றிலேயே குளிரும் வகை, போர்டும் நனையவில்லை. 5, 6 ஆம் உலைகள் இரண்டும் அந்த ஒன்றை நம்பித்தான் பிழைத்தன.