வேடந்தாங்கல் கவுலும் உழவர் கணக்கும்

மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் ஏரி சிறியது. சுமார் 30 ஹெக்டேர்தான் இருக்கும். வேடர் தங்கிய இடம் என்பதே ஊரின் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். வேடர் பெயரைத் தாங்கிய அந்த ஊரார்தான், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 1798-இல் அவர் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. காட்டுப் பறவைகளுக்கென்று இந்தியாவில் அரசு முதல் சட்டம் போட்டது 1887-இல். சட்டத்துக்கு 89 ஆண்டுகள் முன்பே ஓர் உழவர் ஊர் பறவைக்காகக் காகிதம் வாங்கி வைத்துக்கொண்டது. தமிழகத்தில் பறவைக் காப்பின் வேர் கழனியில் இருக்கிறது, அது பயிர்க்கணக்கிலிருந்து முளைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கு எளியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்புகிறது. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகொத்தி நாரையும், வக்காவும், நீர்க்காகமும், அரிவாள் மூக்கனும், கரண்டிவாயனும் வந்து கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரித்து, இரை ஊட்டி, பங்குனி வாக்கில் இளம் பறவைகள் இறக்கை விரிக்கும்வரை ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நேராகத் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் மதகு வழியாக ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு என்பதை வேதியியல் பிறகு சொன்னது. ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல் எப்படித் தழைக்கிறது என்பதை ஊரார் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1840-களில் பெரு நாட்டுத் தீவுகளில் குவிந்து கிடந்த கடற்பறவை எச்சத்தை வெட்டியெடுத்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். வேடந்தாங்கலில் அதே உரம் செலவில்லாமல் வாய்க்காலில் வந்தது. போதாததற்கு, நத்தைகொத்தியின் முதல் இரையே நத்தை. வரப்பைத் துளைக்கும் நண்டையும் கொக்கும் நாரையும் பொறுக்கித் தின்னும்.

எரு தந்தது பறவையில்லை, ஏரி வண்டல்தான் என்று ஒருவர் மறுக்கலாம். வண்டலின் மதிப்பு உழவர்களுக்கு நன்றாகவே தெரியும். கோடையில் வற்றிய ஏரியில் வண்டி கட்டி வண்டல் அள்ளிக் கழனியில் கொட்டுவது தமிழ்நாட்டில் பழைய வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள், வண்டல் வேறு, பறவையால் வலுத்த தண்ணீர் வேறு என்று பிரித்தறியாமலா கலெக்டர் வாசலுக்குப் போயிருப்பார்கள்? மராமத்து கேட்கவும் தண்ணீர்ப் பங்கு கேட்கவும் அதிகாரியிடம் போவது வழக்கம்; பறவைக்காகப் போனார்கள் என்றால் அதையும் நீர்ப்பாசனத்தின் ஒரு பகுதியாகவே எண்ணினார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். பிளேஸும் ஏரியின் அருமை தெரிந்தவர். மதுராந்தகம் பெரிய ஏரிக்கரையை உடையாமல் ராமர் காத்தார் என்ற கதையில் வரும் கலெக்டர் இவரே. ஆனாலும் கவுலை அவருடைய கருணையாகச் சொல்வது சரியாகாது. கேட்டது ஊர், அவர் ஒப்புக்கொண்டார்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இதே உழவர்கள் கதிர் முற்றும் பருவத்தில் கவணும் தகர டப்பாவுமாகப் பறவைகளைத் துரத்தியவர்கள்தானே? உண்மைதான். தினைப்புனத்தில் கிளி ஓட்டுவது சங்க காலத்திலேயே தனி வேலை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி தழல், தட்டை, குளிர் என்னும் கிளி ஓட்டும் கருவிகள் கொண்டு புனம் காக்கிறாள். தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து ஓசை எழும்பச் செய்தது. வள்ளி பரண் மேல் நின்று ஆலோலம் பாடிய கதை சிறு குழந்தைக்கும் தெரியும். கிளியும் சிட்டும் கதிருக்குப் பகை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் காவலின் முறையைக் கவனிக்க வேண்டும். கருவிகளில் பெரும்பாலானவை சத்தம் போடுபவை. ஆலோலம் வெறும் குரல். கவண்கல் சில பறவைகளைக் கொன்றிருக்கும். என்றாலும் காவலின் குறி, பால் பிடித்த கதிர் முற்றி அறுவடையாகும் அந்தச் சில வாரங்கள் பறவை இறங்காமலிருப்பதுதான். அறுவடை முடிந்ததும் பரண் காலி. சிந்திய மணி யாருக்கும் சொந்தமில்லை. புனத்தில் ஓட்டியதும் ஏரியில் காத்ததும் ஒரே அறிவிலிருந்து வந்தவை: எந்தப் பறவை, எந்த இடம், எந்த மாதம் என்று பார்த்து நடப்பது.

எல்லாப் பறவைக்கும் இந்தக் காப்பு கிடைத்ததா என்றால், இல்லை. காடையும் கௌதாரியும் கண்ணியில் விழுந்தன. கொக்குக் கறி சந்தையில் விற்றது. ஆகவே இதை உயிர்க்கருணை என்று மட்டும் பாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தன்னலம்தான் என்று ஒதுக்குவதும் பொருந்தாது, ஏனென்றால் தன்னலக் கணக்கு மட்டும் இருந்தால் அது லாபத்தோடு நின்றுவிடும். திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்காரர்கள் வீட்டு மரத்திலேயே கூழைக்கடாவைக் கூடு கட்ட விடுகிறார்கள். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளின் வெடியை நிறுத்துவது எந்த விளைச்சல் கணக்கிலும் அடங்காது. எச்ச எருவில் தொடங்கியது, தலைமுறை தாண்டி ஊர் மரியாதையாகிவிட்டது.

அரசின் கணக்கு ஊரின் கணக்கோடு சேர 200 ஆண்டுகள் ஆயின. 1936-இல் வேடந்தாங்கல் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. 1998-இல்தான் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலமும் அதில் சேர்ந்தது. அது சரியான முடிவு. ஏரி கூடு கட்டுவதற்கான இடம், அவ்வளவுதான். இரை சுற்றுவட்டத்து நெல் வயல்களிலும் குட்டைகளிலும் அண்டை ஏரிகளிலும் கிடைக்கிறது. 2020-இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தபோது, வெட்டிவிட நினைத்த அந்த 2 கிலோமீட்டரிலும் நாரை குஞ்சுக்கு நத்தை பொறுக்கும் வயல்கள் இருந்தன. 1798-இல் கவுல் கேட்டவர்கள் அத்தகைய வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள்.