வறண்ட நிலமும் அரசின் உதவியும்



வானம் பொய்த்தால் உழவன் என் செய்வான்? விளைச்சல் அழிவதோடு துன்பம் நிற்பதில்லை. அடுத்த பருவத்திற்கென வைத்திருந்த விதையும் பசிக்கு இரையாகிவிடுகிறது. அந்நிலையில் அவனுக்கு உதவுதல் அரசின் கடமையா, அன்றி அயலாரின் கருணையா? இவ்வினாவிற்கு அமெரிக்க நாடு ஐம்பதாண்டிற்குள் இருவேறு விடைகளைக் கண்டது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1887ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தின் பல மாவட்டங்கள் வறட்சியால் வாடின. அங்குள்ள உழவர்க்கு விதைத் தானியம் வாங்கித் தர 10,000 டாலர் ஒதுக்கி, நாட்டின் சட்டமன்றம் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து அதற்கு ஒப்புதல் தர மறுத்தார். குடிமக்கள் அரசைத் தாங்கலாமேயன்றி, அரசு குடிமக்களைத் தாங்குதல் கூடாது என்பது அவர் கொள்கை. இரக்கமின்மையால் அவர் மறுத்தாரல்லர். அரசின் கொடை மக்களின் தன்னம்பிக்கையையும், ஒருவர்க்கொருவர் உதவும் பண்பையும் குலைக்கும் என்று அஞ்சினார்.

இனி ஒக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள சிமரான் மாவட்டத்தை நோக்குவோம். முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. அவ்வட்டாரங்களில் உழவர் பரந்த புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தனர். மண்ணைப் பிணித்து நின்ற புல்லின் வேர்கள் அற்றன. பின்னர் விலையும் வீழ்ந்தது. 1931 முதல் மழையும் பொய்த்தது. காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அந்நாளைக் 'கரிய ஞாயிறு' என்று வரலாறு குறிக்கிறது.

இத்தகைய பேரிடரை அயலார் கருணை தாங்குமா? அயலாரும் அதே புழுதியில் அன்றோ கிடந்தனர்! எனவே 1934இல் ரூசுவெல்ட்டின் அரசு, வறட்சி மாவட்டங்களில் தீவனமின்றி வாடிய மாடுகளை விலைக்கு வாங்கிற்று. மாடு ஒன்றுக்கு 20 டாலர் வரை கிடைத்தது. உண்ணத் தக்கவற்றின் இறைச்சி ஏழைகட்கு வழங்கப்பட்டது. மிக மெலிந்தவை கொல்லப்பட்டன. கொடுத்த தொகையில் ஒரு பகுதி, கடன்காரர் கைப்பற்ற இயலாதவாறு உழவனுக்கே உரியதாக்கப்பட்டது. இவ்வேற்பாடு இல்லையேல், உதவிப் பணம் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசல் வழியே வெளியேறியிருக்கும்.

எனினும், பணம் பசியை ஆற்றுமேயன்றிப் பறந்த மண்ணை மீட்காது. மண்ணியல் அறிஞர் ஹியூ பென்னட் இவ்வுண்மையை இடைவிடாது வற்புறுத்தினார். 1935இல் மண் காப்புச் சட்டம் பிறந்தது. 1936இல் வந்த மற்றொரு சட்டம், மண்ணைக் காக்கும் பயிர்களை வளர்ப்போர்க்குப் பணம் வழங்க வழிசெய்தது. இவ்வாறு உதவி, உழைப்பிற்கான ஊதியமாகவும் மாறியது.

இதில் குறையே இல்லை எனலாகாது. அதே காலத்தில் தென்மாநிலங்களில் பருத்திச் சாகுபடியைக் குறைப்பதற்காக அரசு அளித்த பணம் பெரும்பாலும் நில உடைமையாளர் கையிற் சேர்ந்தது. வாரக் குடியானவர் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

அரசு உதவலாமா என்பது 1887இன் கேள்வி. உதவி உழுபவன் கையைச் சேருமா, அவன் நிலத்தை மறுமுறை அழியாமற் காக்குமா என்பன 1930களில் எழுந்த கேள்விகள். எந்நாட்டில் நிவாரணம் பற்றிய செய்தியைப் படித்தாலும், தொகையை மட்டும் பார்த்து அமையாமல் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.