'பாத்துப் போட்டுக் குடுங்க': பேரத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் அகல் விளக்குகளை இணையச் சந்தை ஒன்றில் பார்த்தேன். கார்த்திகைக்கு இருநூறு தேவைப்பட்டது. தெரிந்தவர் மூலம் அவர் எண்ணை வாங்கிக் கைபேசியில் எழுதினேன்: 'கம்பெனிக்குப் போற கமிஷன் உங்களுக்கு மிச்சம்தானே, இருபது பர்சென்ட் கொறச்சுக்குங்க.' ஒரு நாள் பதில் இல்லை. மறுநாள் குரலாக வந்தது: 'சார், நேர்ல வந்து கேட்டிருந்தா நானே கொறச்சிருப்பேன். வெலயக் கேக்கறதுக்கு முன்னாடி, சூளையில எவ்ளோ ஒடஞ்சுதுன்னு ஒரு வார்த்த கேக்கலாம்ல?'

அதே வாரம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சீட்டில் போட்டிருந்த தொகையை வாய் திறக்காமல் கட்டிவிட்டு வந்திருந்தேன். அங்கே கேட்க எனக்கு நா எழவில்லை. இங்கே எழுந்தது. ஏன்? இக்கேள்வியைத் தனிமனித ஒழுக்கத்தின் கேள்வியாக மட்டும் வைத்துக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் யாரிடம் பேரம் பேசலாம், யாரிடம் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2

பேரம் நம் 'மரபு' என்கிறார்கள். முழு உண்மையல்ல. பழைய கிராமத்தில் பானை வனைந்தவருக்கும் துணி வெளுத்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் களத்துமேட்டில் நெல் அளந்து போடப்பட்டது. அங்கே விலை என்ற சொல்லாடலே கிடையாது. எவ்வளவு என்பதைச் சாதி ஒழுங்கு முன்பே முடிவு செய்துவிட்டது. 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும் உரிமை இல்லாதவருடன் எப்படிப் பேரம் பேச முடியும்? மறுக்க முடிந்தவரோடு மட்டுமே பேரம் சாத்தியம். ஆகவே காசு புழங்கும் சந்தைக்குத் தன் பானையைத் தூக்கிவந்த குயவர் 'இன்ன விலை' என்று வாய் திறந்து சொன்னது ஒரு சிறிய விடுதலையும்கூட. அந்த விடுதலை முழுமையானதல்ல. வயதில் மூத்த விற்பனையாளரைப் பார்த்து 'ஏய், பானை என்னா வெல?' என்று ஒருமையில் கேட்ட குரல் சந்தைக்குள்ளும் கூடவே வந்தது.

சந்தை தனக்கென்று ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டது. வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலை கேட்கக் கூடாது. கேட்ட விலைக்கு அவர் ஒப்புக்கொண்டுவிட்டால் நழுவக் கூடாது. போணி ஆகாத நேரத்தில் பேசிப் பேசி வெறுங்கையோடு திரும்பக் கூடாது. 'அண்ணே', 'அக்கா', 'தாயி' என்று தற்காலிக உறவு ஒன்றை உருவாக்கிக்கொண்டுதான் பேச்சு நடக்கும். கடைசியில் விலையில் தோற்றவருக்கு ஒரு கொசுறு. இரண்டு பக்கத்து மானமும் காப்பாற்றப்படும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசுவதும் ஓரளவு இதற்குத்தான்: எந்த விலைக்கு இறங்கி வந்தோம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம்.

மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், 1978இல் எழுதிய கட்டுரையில் பேரத்தைத் தகவல் தேடலாகப் பார்த்தார். சரக்கின் தரம், நடப்பு விலை, அடக்கம் எதுவும் தெளிவாகத் தெரியாத இடத்தில் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் 'பாத்துப் போட்டுக் குடுங்க' இதற்கு ஒரு படி மேலே போகிறது. எதைப் பார்த்து? சரக்கை மட்டுமல்ல, என்னையும் பார்த்து. நானும் உன்னைப் பார்க்கிறேன் என்பது அதில் சொல்லாமல் அடங்கியிருக்கிறது.

3

'ஒரே விலை' என்பது முதலில் ஓர் அறக்கோரிக்கை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள், கொடுக்க விரும்பும் விலைக்கு மேல் சொல்வது பொய் என்று கருதி, எவர் வந்தாலும் ஒரே விலை சொன்னார்கள். கடைக்குக் குழந்தையை அனுப்பினாலும் ஏமாறாது. இந்தச் சமத்துவத்தை முதலாளியம் எடுத்துக்கொண்டது. பாரிஸில் 1852இல் பான் மார்ஷேயில் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ விலைச்சீட்டு ஒட்டிய பெருங்கடையை வளர்த்தெடுத்தார். கடையின் பெயருக்கே 'மலிவு' என்று பொருள். வாங்குபவர் ஏமாற்றத்திலிருந்து தப்பித்தார். கூடவே, விற்கும் ஊழியர் தன் வாயால் ஒரு காசு குறைக்கும் அதிகாரத்தை இழந்தார். 'எங்க கையில இல்லீங்க சார்' என்ற வாசகம் அங்கே பிறந்தது.

இங்கே அரசு வேறு வழியில் வந்தது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்குத் தரும் தள்ளுபடி, அரசு மானியம் தாங்கியது. நெசவாளி கூலியில் கைவைக்காமல் விலை குறையும். 1990இல் பொட்டலப் பொருள்களுக்கு வரிகள் உட்பட 'அதிகபட்ச சில்லறை விலை' அச்சிடுவது கட்டாயமாயிற்று. சட்டம் சொன்னது 'அதிகபட்சம்'. நாம் படித்தது 'இதுதான் விலை'. மேலே இருக்கிறவர்களிடம் பேரம் பேசும் பழக்கத்தை நாமே கைவிட்டோம். மிஞ்சியவர்கள் அச்சிட்ட விலை இல்லாதவர்கள்: கீரைக்காரம்மா, பூக்காரர், பானை விற்பவர்.

4

இணையச் சந்தை இரண்டையும் கலந்துவிட்டது. அடித்துக் காட்டிய விலையும் பக்கத்தில் தள்ளுபடியும். யாரும் கேட்கவில்லை, கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவர் யார்? அந்நிய முதலீடுள்ள சந்தை நிறுவனங்கள் விற்பனை விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ பாதிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் அறிவித்தது. 2019 பிப்ரவரி முதல் விதிகளை மேலும் இறுக்கியது. பட்டறைக்காரர் சொன்னது வேறு: 'ஆஃபர்ல சேரலேன்னா நம்ம சரக்கு பத்தாவது பக்கத்துக்குப் போயிடும். யாரும் வற்புறுத்தல சார். நாமளே சேந்துக்குவோம்.' அதிகாரம் கட்டளையாக வருவதில்லை, வரிசையாக வருகிறது. வாங்குபவர் கையிலும் ஓர் ஆயுதம் உண்டு: நட்சத்திரம். குறைத்துத் தராவிட்டால் ஒன்றே ஒன்று.

அந்த விளக்கின் விலைக்குள் என்ன இருக்கிறது? களிமண்ணை அரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சியதும் எடுத்து, விளிம்பு சீவி, காயவைத்து, சுட்டு, மெருகேற்றி மறுபடி சுட வேண்டும். விரிசல் சூளையைத் திறக்கும்போதுதான் தெரியும். அப்புறம் கமிஷன், அட்டைப்பெட்டி, கூரியர், வழியில் உடைந்து திரும்பி வருவது. இவையெல்லாம் போக மிஞ்சுவதிலிருந்துதான் நான் இருபது கேட்டேன். கமிஷன் மிச்சமாவது உண்மை. அது முழுவதும் எனக்கே சேர வேண்டும் என்று எண்ணியதுதான் பிழை.

5

அதனால் பேரமே பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விருத்தாசலம் போனேன். குற்றவுணர்வில், சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. 'என்ன சார், கேக்கவே மாட்டேங்கறீங்க?' பேசாமல் கொடுப்பதும் ஒருவகையில் பார்க்காமல் கொடுப்பதுதான், பிச்சைக்குப் பக்கத்தில் இருப்பது. பிறகு பேசினோம். மொத்தமாக எடுப்பதால் இவ்வளவு குறைவு, போகிற வழியில் உடைந்தால் என் பாடு, முன்பணம் பாதி. எண்ணி முடித்து ஐந்து விளக்கு கூடுதலாக வைத்தார்.

எழுத்தில் கேட்கும்போதும் இது முடியும். எத்தனை எடுக்கிறேன், எந்தச் சுமையை நான் ஏற்கிறேன் என்று முதலில் சொல்லிவிட்டு, 'முடியாது' என்று சொல்ல அவருக்கு இடம் விட்டுக் கேட்கலாம். அந்த இடத்துக்காகத்தான் களத்துமேட்டிலிருந்து சந்தைக்கு வந்தார்கள்.