மாளிகைமேட்டில் சேரி எங்கே?



சின்னசேலத்தில் ரயிலேறி, விருத்தாசலத்தில் இறங்கி, பஸ் மாறி ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்வந்தோம்.

பெரிய கோயிலில் நல்ல கூட்டம். அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் மாளிகைமேட்டில் எங்களைத் தவிர ஆளில்லை. முதலாம் இராசேந்திரனின் அரண்மனை நின்ற இடம் அது. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊரில், அரண்மனையென்று மிஞ்சியிருப்பது செங்கல் அடித்தளம்தான். தொல்லியல் துறை தோண்டியபோது கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கோயில் மதிலின் கற்களை 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட வெள்ளையர் ஆட்சி பெயர்த்துக்கொண்டு போனது.

"இந்தச் செங்கல்லைச் சுமந்தவங்க எங்க அண்ணா குடியிருந்தாங்க?" என்று எங்களோடு வந்த மாணவி கேட்டார்.

அந்தக் குழிகளில் பதில் இல்லை. கல்வெட்டில் இருக்கிறது. இராசேந்திரனின் தந்தை இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களில், வரி இல்லாத நிலங்கள் எவை என்று அங்குள்ள கல்வெட்டு பட்டியல் போடுகிறது. குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி, பறைச்சுடுகாடு என்ற பெயர்களும் அதில் உள்ளன. வரி இல்லை என்பதைச் சலுகை என்று படிக்காதீர்கள். விளைச்சல் கணக்கில் வராத இடங்களோடு நம் குடியிருப்பையும் சேர்த்து எழுதினார்கள், அவ்வளவுதான். தீண்டாமையை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்பவர்களிடம் இந்தக் கல்லைக் காட்டுங்கள்.

துருக்கியில் ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹத்தூசாவும் இப்படித்தான் இடிந்து கிடக்கிறது. அங்கே கிடைத்த களிமண் பலகைச் சட்டத்தில், சுதந்திர மனிதனின் கண்ணைக் குருடாக்கினால் அபராதம் 20 ஷெகல் வெள்ளி. அடிமையின் கண்ணுக்கு 10. அந்த அரசும் போனது, அந்தச் சட்டமும் போனது.

இங்கே அரண்மனை மட்டும்தான் போனது. ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு என்பது ஆயிரம் ஆண்டு கழித்தும் நம் பக்கத்துக் கிராமங்களில் நிற்கிறது. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு இது வரலாற்றுப் பாடம் அல்ல.

அடுத்த விடுமுறையில் நீங்களும் போய்ப் பாருங்கள். திரும்பி வந்ததும் உங்கள் காலனிப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, நம் சுடுகாடு எது, அதற்குப் பாதை எது, யார் மறித்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்தப் பட்டியலை இந்த முறை நாம் எழுதுவோம்.

ஜெய்பீம்.