களைப்பை மறைத்த குளிசை

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரவு விளக்குகள் அணைவதில்லை. அபிட்டூர் எழுதுகிறவர்களும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களும் கோப்பியோடு விழித்திருக்கிறோம். "இதைப் போட்டால் நித்திரை வராது, மூளை வேகமாக வேலை செய்யும்" என்று யாரோ ஒருவர் குளிசை நீட்டிய கதையும் நம் காதுக்கு வருகிறது. இந்தப் பேச்சு புதிதல்ல. நாம் வாழும் இதே ஜேர்மனியில், எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே பெருந்தொகையானோர் இதை நம்பினார்கள்.

1938இல் பேர்லினில் இருந்த டெம்லர் என்ற மருந்து நிறுவனம் 'பெர்விற்றின்' என்னும் குளிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது மெத்தம்பெற்றமின். இன்று 'கிறிஸ்டல் மெத்' என்று பொலிசார் கைப்பற்றுகிறார்களே, அதே பொருள்தான். அன்று அதை மருத்துவரின் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் வாங்கலாம். சோர்வுக்கு நல்லது என்று சொல்லப்பட்டது. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக மெத்தம்பெற்றமின் கலந்த சொக்லேற்றும் கடைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, பேர்லின் இராணுவ மருத்துவக் கழகத்தின் உடலியல் ஆய்வாளர் ஒட்டோ ராங்க 90 மாணவர்களுக்கு அதைக் கொடுத்துப் பரிசோதித்தார். அவர்கள் விழித்திருந்தார்கள், உற்சாகமாகவும் இருந்தார்கள். ஆனால் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கணக்குகளில் அவர்கள் கெட்டிக்காரர் ஆகிவிடவில்லை. இராணுவத்துக்கோ நித்திரை கொள்ளாத சிப்பாய் போதுமானதாக இருந்தது. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரை மட்டும் பெர்விற்றினும் அதை ஒத்த ஐசோபானுமாக 3.5 கோடிக்கும் அதிகமான குளிசைகள் படைகளுக்கு அனுப்பப்பட்டன. எதிர்த்தரப்பில் பிரித்தானியரும் அமெரிக்கரும் பென்செட்ரின் என்ற வேறொரு ஊக்க மருந்தைப் பயன்படுத்தினார்கள்.

அந்தச் சிப்பாய்களில் ஒருவர் கொலோன் நகரத்து இளைஞர் ஹைன்ரிஷ் பேல். 1972இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1939 நவம்பரில், 21 வயதில், அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் தனக்குப் பெர்விற்றின் அனுப்பும்படி கேட்டார். அடுத்த மே மாதமும் கையிருப்புக்கு இன்னும் கொஞ்சம் கேட்டு எழுதினார். நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் தூர இடத்திலிருந்து இப்படிக் கேட்டால், பெற்றோரும் மருந்தென்று நம்பி அன்போடு அனுப்பியிருப்பார்களே!

இந்தக் குளிசை உண்மையில் பலம் தருவதில்லை. டோபமின், நோரட்ரெனலின் என்னும் பொருட்களை மூளையில் பெருக்கெடுக்கச் செய்து, உடலை ஆபத்து நேரத்தில் இருப்பதுபோல ஓட வைக்கிறது. பசியும் களைப்பும் உள்ளேதான் இருக்கின்றன. அவை நமக்குத் தெரியாமல் போகின்றன. மருந்து இறங்கும்போது எல்லாம் சேர்ந்து திரும்பி வரும். அதைத் தாங்க முடியாமல் அடுத்த குளிசை தேவைப்படும். இதயப் பாதிப்பு, மனக்குழப்பம், அடிமைத்தனம் எல்லாம் பின்தொடர்ந்தன. சுகாதாரத் துறையின் தலைவராயிருந்த லெயோனார்டோ கொன்ரி என்ற நாசி அதிகாரியே இதை எதிர்த்தார். 1941 ஜூலை 1 முதல் பெர்விற்றின் அபினிச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. ஆனாலும் படைகளில் அதன் பாவனை நிற்கவில்லை.

போர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. போருக்கு முன்னரே மருந்தகத்தில் அதைத் தேடி வாங்கியவர்கள் இருந்தார்கள். களைப்பது வெட்கம் என்று எண்ணும் இடத்தில் இத்தகைய குளிசை எளிதாக விலைபோகும். அந்த எண்ணம் நம் வீடுகளிலும் இல்லையா? "அந்த வீட்டுப் பிள்ளை மருத்துவம் படிக்கிறது" என்ற ஒரு சொல் எத்தனை இரவுகளின் நித்திரையைப் பறிக்கிறது!

சூரைச்செடியின் கீழ் சோர்ந்து விழுந்த எலியாவை நாம் அறிவோம். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ண அடையும் குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் படுத்துறங்க விட்டான். பயணத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த மருந்தை எடுக்கிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் நண்பன் நீட்டும் குளிசையை வாங்காதிருப்போம். தாங்க முடியாவிட்டால் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ சொல்வோம். பெற்றோரே, அப்படி ஒரு பிள்ளை வந்து சொன்னால், புள்ளிகளைப் பற்றிக் கேட்குமுன், சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்று கேளுங்கள்.