நெருப்புக்கு ஒரு ரிமோட்

டிவிக்கு ரிமோட் இருக்கிறது, ஏசிக்கு இருக்கிறது, மின்விசிறிக்குக்கூட வந்துவிட்டது. நெருப்புக்கு? அமெரிக்காவிலும் கனடாவிலும் அதுவும் உண்டு. குளிர்காலத்தில் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் கேஸ் கணப்பை, சோபாவில் சாய்ந்தபடி ஒரு பொத்தானை அமுக்கியே ஏற்றி அணைக்கிறார்கள். டிவி ரிமோட் தகராறு செய்தால் ஒரு சீரியல் போகும். கேஸ் ரிமோட் தகராறு செய்தால்?

இந்தக் கேள்வி சும்மா பயமுறுத்துவதற்காக அல்ல. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அடியில் கேஸ் கசிந்து தேங்கியிருந்தது. இயற்கை எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு மின்பொறி போதுமாக இருந்தது. ஏறக்குறைய முந்நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் கேஸில் நாற்றம் கலந்தே தீர வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. இன்று கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அந்த நாற்றம் கேஸுடையது அல்ல, சேர்த்தது.

ஆக, எரியாத கேஸ் வீட்டுக்குள் வரவே கூடாது. அதைக் காவல் காப்பது யார்? ரிமோட் என்று நினைத்தால் தவறு. ரிமோட்டுக்கு அந்த அதிகாரமே கிடையாது. நெருப்புதான் தனக்குத்தானே காவல்.

இதன் கதை 1821-ல் பெர்லினில் தொடங்குகிறது. தாமஸ் சீபெக் என்ற விஞ்ஞானி இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு சந்திப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்பியது! வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் முடிவு கட்டினார். உண்மையில் உண்டானது மின்சாரம் (காந்தம் அதனால் வந்த விளைவு). கண்டுபிடித்தவருக்கே தான் கண்டுபிடித்தது என்னவென்று சரியாகத் தெரியவில்லை, பாவம். 1830-ஐ ஒட்டி இத்தாலியர்களான நோபிலியும் மெல்லோனியும் இப்படிப்பட்ட பல சந்திப்புகளை வரிசையாகக் கோத்து வெப்பத்தை அளக்கப் பயன்படுத்தினார்கள். இதுதான் தெர்மோபைல்.

கேஸ் கணப்பின் மூலையில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடருக்குப் பைலட் என்று பெயர். அதன் நாக்கு படும் இடத்தில் இரண்டு உலோகக் குச்சிகள் நிற்கும். ஒன்று தெர்மோகப்பிள். அது தரும் சுமார் 30 மில்லிவோல்ட் ஒரு மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் குச்சி ஆறும், மின்காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் கேஸை மூடிவிடும். இன்னொன்று தெர்மோபைல். அது தரும் அரை வோல்ட்டுக்கும் முக்கால் வோல்ட்டுக்கும் இடைப்பட்ட மின்சாரம்தான் பெரிய நெருப்புக்கான வால்வைத் திறக்கிறது. வீட்டில் கரண்ட் போனாலும் கணப்பு எரிவது இதனால்தான். (புதிய மாடல்களில் பைலட் நிரந்தரமாக எரிவதில்லை, மின்பொறி ஏற்றுகிறது. அது தனிக் கதை.)

அப்படியானால் ரிமோட்டின் வேலை? அந்தச் சின்ன மின்சாரம் ஓடும் இரண்டு ஒயர்களைச் சேர்ப்பது, பிரிப்பது. அவ்வளவுதான், வெறும் சுவிட்ச்! தொலைவிலிருந்து ஒரு பொருளை ஆட்டி வைப்பதை 1898-லேயே நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு குட்டிப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டிவிட்டார். வீட்டுக்குள் அதைப் பழக்கப்படுத்தியது டிவி. ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி 1955-ல் செய்த ரிமோட், ஒளியைப் பாய்ச்சும் துப்பாக்கி போல இருந்தது. வெயில் பட்டாலும் சேனல் மாறியது என்பதுதான் சிக்கல். 1956-ல் ராபர்ட் ஆட்லர் அலுமினியக் குச்சிகளைத் தட்டி, காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதில் பேட்டரியே கிடையாது. பேட்டரி தீர்ந்தால் ஜனங்கள் டிவியே கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள் என்று விற்பனைப் பிரிவினர் பயந்ததுதான் காரணம். எவ்வளவு சரியான பயம் பாருங்கள்!

ஏனென்றால் கணப்பு எரியவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியைத்தான். அதுவும் இரண்டு இடத்தில். கையில் இருப்பதை மாற்றிவிட்டு, நெருப்புக்குக் கீழே சூட்டில் கிடக்கும் ரிசீவர் பெட்டியின் பேட்டரியை மறந்துவிடுவார்கள். அந்தப் பெட்டியில் ஆன், ரிமோட், ஆஃப் என்று மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது ஆஃபில் இருந்தால் மேலே என்ன அமுக்கினாலும் பயனில்லை. ஆனில் வைத்ததும் நெருப்பு வந்துவிட்டால் வால்வும் பைலட்டும் நலம், பேச்சுவார்த்தையில்தான் கோளாறு. பேட்டரி புதிதாக இருந்தும் கேட்கவில்லையென்றால் ரிசீவர் ரிமோட்டை மறந்திருக்கிறது. பல மாடல்களில் ரிசீவரின் 'லேர்ன்' பொத்தானை அமுக்கிவிட்டு ரிமோட்டின் பொத்தானை அமுக்கினால் மறுபடி அடையாளம் கண்டுகொள்ளும். ரேடியோ அலை சுவரைத் தாண்டும் இல்லையா? அடுத்த வீட்டுக்காரர் நம் நெருப்பை ஏற்றிவிடக் கூடாது என்பதற்குத்தான் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனிக் குறியீடு.

ஆனில் வைத்தும் வரவில்லையா? ரிமோட்டை விட்டுவிடுங்கள், பைலட்டைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் கையால்தான் ஏற்ற வேண்டும். எரிகிறது, ஆனாலும் பெரிய நெருப்பு வரவில்லை என்றால் தெர்மோபைல் சோர்ந்திருக்கலாம், சுடர் அதன்மேல் சரியாகப் படாமல் இருக்கலாம், ஒயர் தளர்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை. ரிமோட்டைப் புதிதாக மாட்டுகிறவர்கள் அந்த மெல்லிய ஒயர்களில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அரை வோல்ட்டுக்குச் செய்த வால்வு 120 வோல்ட்டில் என்ன ஆகும்? கருகும். கேஸ் நாற்றம் அடித்தாலோ எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து கேஸ் கம்பெனியைக் கூப்பிட வேண்டும். நியூ லண்டன் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொரு புகார் வேடிக்கையானது. "தானாக அணைந்துவிடுகிறது!" இதற்கு 1885-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மினியாபோலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் என்பவர், அறை குளிர்ந்தால் நிலவறையில் இருக்கும் நிலக்கரி உலையின் காற்றுக் கதவைத் தானே திறக்கும் கருவியைச் செய்தார். அதுவரை குளிரில் யாராவது இறங்கிப் போய்த்தான் திறக்க வேண்டும். பின்னாளில் ஹனிவெல் நிறுவனம் வளர்ந்தது இதிலிருந்துதான். பட்ஸின் தெர்மோஸ்டாட் அறைச் சுவரில் இருந்தது. இப்போது பல ரிமோட்டுகளில் அது ரிமோட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கணப்புக்கு மேலே உள்ள பலகையில் வைத்துவிட்டுப் போனால், அறை முழுவதும் வெந்துகொண்டிருப்பதாக நினைத்து நெருப்பை அணைத்துவிடும். எடுத்து நாற்காலிப் பக்கம் வைத்தால் சரியாகிவிடும்.